ஒரே தடவை வந்த வார்த்தை

வேதம் கடவுள் வாக்கு, அதில் ஓரெழுத்தும் வீணில்லை என்று சொல்லுகிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். வார்த்தையின் அர்த்தமே ஒருவருக்கும் தெரியாதபோது, அது வீணா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்னும் எபிரேய வேதத்தில், ஒரே தடவை மாத்திரம் வரும் வார்த்தைகள் சுமார் 1,500 உண்டு. பெரும்பாலானவற்றை அதே வேரில் பிறந்த வேறு சொற்களைக்கொண்டு அறியலாம். மிச்சமுள்ள சில நூறுதான் சங்கடம். நோவா பேழை செய்த கொப்பேர் மரம் என்ன மரமென்று இன்றுவரை நிச்சயமில்லை.

சாமுவேல் முதல் புத்தகம் 13-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். எபிரேயர் வாளும் ஈட்டியும் செய்துகொள்ளக்கூடாதென்று, அவர்கள் தேசத்தில் ஒரு கொல்லனும் இல்லாதபடி பெலிஸ்தர் செய்துவிட்டார்களாம். குடியானவன் கொழுவையும் கோடாலியையும் தீட்ட எதிரியிடமே போகவேண்டும். அந்த இடத்தில் "பீம்" என்றொரு வார்த்தை வருகிறது. (நம் பீமன் அல்ல, தோழர்களே!) 1611-இல் இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர்கள் அதை "அரம்" என்று போட்டுவிட்டார்கள். ஏதோ தீட்டுகிற விஷயம், ஆகையால் அரம்! முந்நூறு வருஷம் இப்படியே போயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பாலஸ்தீன மண்ணிலிருந்து சின்னஞ்சிறு எடைக்கற்கள் கிடைத்தன. அவற்றில் அதே எழுத்துக்கள் வெட்டப்பட்டிருந்தன. எடை 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே பீம் என்பது அரமல்ல. தீட்டுவதற்குக் குடியானவன் அழுத வெள்ளி! ஒரு கொழுவுக்கு இவ்வளவு வெள்ளியென்றால் அது கூலியா, கொள்ளையா? அந்தக் கொள்ளையை இத்தனை காலம் மறைத்தது ஒரு தப்பு அர்த்தம். அதை வெளியாக்கியது ஜபமல்ல, மண்வெட்டி.

இவ்வேலை புதிதுமல்ல. 942-இல் இறந்த சாதியா என்ற யூத பண்டிதர் இம்மாதிரி வார்த்தைகளுக்கென்றே அரபியில் ஒரு நூல் எழுதி, பிற்கால எபிரேயத்தோடு ஒப்பிட்டு அர்த்தம் சொன்னார். தம் கட்சிப் பரம்பரையை நிலைநாட்டும் நோக்கமும் அவருக்கிருந்தது. இருந்தாலும் ஒப்பிட்டுத்தானே சொன்னார்!

தமிழபிமானிகளுக்கும் ஒரு வார்த்தை. சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த "துக்கி" நம் "தோகை"தான், ஆகவே மயில்தான் என்று கால்டுவெல் முதலியோர் எழுதியிருக்கிறார்கள். அச்சொல் வருவதோ ஒரே கதையைச் சொல்லும் இரண்டு இடங்களில் மாத்திரம். அது குரங்கில் ஒரு ஜாதி என்பாரும் உண்டு. தமிழென்றால் நமக்கும் சந்தோஷமே. ஆனால் மேடையேறி அடித்துப் பேச அது போதாது.

1985-இல் எபிரேய வேதம் முழுவதையும் இங்கிலீஷில் ஒரே புத்தகமாக வெளியிட்ட அமெரிக்க யூதப் பிரசுர சங்கத்தார், பல இடங்களில் "எபிரேயச் சொல்லின் அர்த்தம் நிச்சயமில்லை" என்று அடிக்குறிப்புப் போட்டிருக்கிறார்கள். வேதத்தை நம்புகிறவர்களே போட்ட குறிப்பு இது. அதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வாசித்துக்காட்ட எத்தனை பாதிரிமார்கள் முன்வருவார்கள்?