நெய்தலை எங்கே படிப்பது?

கேளம்பாக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையை விட்டுக் கோவளம் செல்லும் வழியில் திரும்பினால், சில நிமிடங்களில் கட்டடங்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. பக்கிங்காம் கால்வாய், அதையொட்டிய உப்பளப் பாத்திகள், அப்பால் முட்டுக்காடு வரை பரந்து கிடக்கும் உப்பங்கழி. குளிர்காலத்தில் பவளக்காலி உள்ளான்கள் சேற்றில் மேயும். பூநாரைகள் வந்து நிற்கும் ஆண்டுகளும் உண்டு. இந்தச் சாலையில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் நிறையப் போகின்றன. அவற்றுள் ஒன்றேனும் இங்கே நின்று நாங்கள் பார்த்ததில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் கேளிக்கைப் பூங்காக்களை எட்டும் அவசரம் அவற்றுக்கு.

எங்கள் வாசக நண்பர் வட்டத்தில் ஒருவர் தமிழாசிரியர். சென்ற ஆண்டு அவர் அழைத்ததன்பேரில் இப்பகுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு பிற்பகல் பேசிக்கொண்டிருந்தோம். நெய்தலின் கருப்பொருள்களைக் கேட்டோம். புன்னை, ஞாழல், தாழை, கடற்காகம், சுறா, முதலை, மீன்பிடித்தல், உப்பு விளைத்தல் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள். உப்பு விளைவதை யாரேனும் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு, பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்ததாக இருவர் கை தூக்கினர். புன்னையைக் காட்டச் சொன்னபோது ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளி வாயிலில் மிதிவண்டிகளுக்கு நிழல் தந்து நின்றதே புன்னைதான். அதைச் சொன்னதும் ஒரு சிறுமி, "இதுவா சார்? நாங்க பாதாம் மரம்னு நெனச்சோம்" என்றாள். பிள்ளைகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. காட்டுவதற்கு ஆள் இருந்தால்தானே அறிவார்கள்.

இந்த "காட்டும் ஆள்" பற்றித்தான் எழுத விரும்புகிறோம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் வனச்சரகர் ஒருவர் பள்ளிக் குழுவை அழைத்துக்கொண்டு நடப்பது நெடுநாள் வழக்கம். காவல் வேலையைப் போலவே விளக்கிச் சொல்வதும் அவருடைய கடமை. ஃப்ரீமேன் டில்டன் என்பவர் 1957இல் இக்கலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். பாடம் நடத்துவதைவிடக் கேட்பவரின் ஆர்வத்தைக் கிளறுவதே இந்த வேலை என்பது அவர் கருத்து. இங்கிலாந்தில் களக்கல்விக்கென 1943இலேயே ஒரு மன்றம் தோன்றிவிட்டது. நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 1991இல் பணித்தது. விளைவாகப் பாடப்புத்தகம் ஒன்று கூடியது. களத்துக்குப் போவது கூடவில்லை.

போனாலும் என்ன நடக்கிறது? பதாகை, உறுதிமொழி, நெகிழி ஒழிப்பு முழக்கம், குழுப் புகைப்படம், சிற்றுண்டிப் பொட்டலம். பிள்ளைகள் ஒரு பறவையையும் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். இத்தகைய ஊர்வலத்துக்குப் போவதைவிட வகுப்பிலேயே இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம்.

இத்தனைக்கும் நம் மாவட்டம் இதில் ஏழையன்று. வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். தங்கள் ஏரிப் பறவைகளை வெள்ளைச் சிப்பாய்கள் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அவற்றைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது ஊராருக்குத் தெரிந்திருந்தது. 2022இல் ராம்சர் பட்டியலில் வேடந்தாங்கல் இடம்பெற்றபோது நாளிதழ்கள் எழுதின, மகிழ்ந்தோம். ஆனால் அங்கே செல்லும் ஒரு பள்ளிக்குழுவுக்கு நத்தைகுத்தி நாரையின் அலகு ஏன் நடுவில் மூடாமல் இடைவெளி விட்டிருக்கிறது என்று நின்று விளக்கப் போதிய வனக்காப்பாளர்கள் இல்லை. இருப்பவர்களுக்குக் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவதிலேயே பொழுது போய்விடுகிறது.

கேளம்பாக்கத்துக்கு இன்னும் அருகில், வடநெம்மேலியில், 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. (நெய்தலின் கருப்பொருளில் முதலையும் உண்டு என்று ஒப்பித்த பிள்ளைகள் கவனிக்க.) அதே வளாகத்தில் இயங்குகிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972இன் வனவிலங்குச் சட்டமும் பின்னர் வந்த ஏற்றுமதித் தடையும் பாம்புத்தோல் வணிகத்தை நிறுத்தியபோது இருளர்களின் பிழைப்பு அறுந்தது. அந்த நெருக்கடியிலிருந்து 1978இல் பிறந்தது இச்சங்கம். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என நான்கு வகைப் பாம்புகளை உரிமம் பெற்றுப் பிடித்து வருகிறார்கள். துணி கட்டிய மண்பானைகளில் சில வாரம் வைத்திருந்து, நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சின் பெரும்பகுதி இங்கிருந்து போகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததை வாசகர்கள் அறிவார்கள்.

நஞ்செடுக்கும் காட்சியைப் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்து பார்க்கிறார்கள். நாங்கள் சென்ற அன்றும் ஒரு வகுப்பு வந்திருந்தது. பாம்பு கண்ணாடிக் குடுவையின் விளிம்பைக் கவ்வியதும் கூச்சல், கைதட்டல். அது அடங்கிய பிறகு ஒரு பையன் மெதுவாக, "வெஷம் எடுத்துட்டா அது எப்படி எலி புடிக்கும் தாத்தா?" என்று கேட்டான். பெரியவர் சிரித்தார். "சில நாள்ல திரும்ப ஊறிடும் கண்ணு" என்றவர், வயலில் பாம்புத்தடம் எப்படி இருக்கும், வளையின் வாயில் மண் எப்படிக் கிடந்தால் உள்ளே பாம்பு இருக்கிறது என்று பொருள், எலிவளைக்கும் பாம்பு குடியிருக்கும் வளைக்கும் என்ன வேறுபாடு என்று சொல்லிக்கொண்டே போனார். ஐந்து நிமிடம் இருக்கும். அதற்குள் ஆசிரியர் விசில் ஊதிவிட்டார். அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டதாம்.

அன்றைய சுற்றுலாவில் உருப்படியான பாடம் அந்த ஐந்து நிமிடம்தான். பாம்பு பிடிக்கும் இருளரையும், உப்பங்கழியில் கையால் தடவி இறால் எடுக்கும் இருளரையும் நாம் காட்சிப்பொருளாகவே பிள்ளைகள் முன் நிறுத்தி வருகிறோம். அவர்கள் ஆசிரியர்கள். ஆசிரியருக்குரிய ஊதியமும் நாற்காலியும் அவர்களுக்கு உண்டு என்று எழுத்தில் ஏற்படாதவரை, பழங்குடி அறிவைப் போற்றுவோம் என்று மேடையில் பேசுவது வெறும் மாலை மரியாதை. உப்பளத் தொழிலாளிக்கும் கோவளத்து மீனவருக்கும் இதுவே பொருந்தும்.

சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் கூடி நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு இயக்கம் வேறொரு முன்மாதிரி. தை தொடங்கிச் சித்திரை வரை, இரவில், விளக்கின்றி மணலில் நடந்து பங்குனி ஆமையின் தடம் தேடி, முட்டைகளைப் பொரிப்பகம் சேர்க்கிறார்கள். பொதுமக்களையும் உடன் அழைத்துப் போகிறார்கள். முழக்கம் கிடையாது, பதாகை கிடையாது. பேசாமல் நடக்க வேண்டும் என்பதே முதல் பாடம். 2025 சனவரியில் சென்னை முதல் கோவளம் வரையிலான கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, அந்த எண்ணிக்கையின் பொருள் இப்படி நடந்து பழகியவர்களுக்கு உடனே விளங்கிற்று.

ஆசிரியர்களின் அச்சத்தை நாங்கள் எள்ளவில்லை. தண்ணீர், பாம்பு, வெயில், பெற்றோர், அனுமதி, ஏதேனும் நேர்ந்தால் யார் தலை உருளும் என்ற கேள்வி. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் மாண்டதை மறக்க முடியாது. ஆனால் அதன் பிறகு அரசு என்ன செய்தது? காட்டை ஒரேயடியாகப் பூட்டிவிடவில்லை. விதிகள் வகுத்தது. 2024இல் நாற்பது மலையேற்றப் பாதைகளைத் திறந்து, பயிற்சி பெற்ற உள்ளூர் இளைஞர்களை, குறிப்பாகப் பழங்குடியினரை, வழிகாட்டிகளாக அமர்த்தியது. அறிந்தவர் முன்னே நடப்பதே பாதுகாப்பு என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நாங்கள் படிக்கிறோம். அந்த ஏற்பாடு கட்டணம் செலுத்தி இணையத்தில் பதிவு செய்வோருக்கு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு உப்பங்கழிக் கரையில் அரை நாள் நடக்க ஒரு வழிகாட்டி தருவது அதைவிடக் கடினமான காரியமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

இது தமிழ் வகுப்பின் வேலையா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பிறகு யாருடைய வேலை? பறவைக்கும் மரத்துக்கும் நம்மிடமிருந்த சொற்கள் மறைந்து வருவதை சு. தியடோர் பாஸ்கரன் பல காலமாக எழுதி வருகிறார். மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் தமிழில் இயற்கை பற்றி எழுதியவை தொகுக்கப்பட்டு நூலாகவும் கிடைக்கின்றன. சொல்லுக்குரிய பொருளைக் கண்ணால் காணாதவன் அகத்திணையில் இரங்கலை மட்டும் எப்படி உணர்வான்? உரிப்பொருளுக்குப் போகும் வழி கருப்பொருளின் ஊடாகத்தான் இருக்கிறது.

தவிர, இது இலக்கியச் சுவையோடு நின்றுவிடும் காரியமுமன்று. திருப்போரூரை அடுத்த கோவளம் உபவடிநிலத்தில் சென்னைக்கு ஆறாவது நீர்த்தேக்கம் அமைக்கப்படும் என 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அறிவிப்பு வந்தது. நகரத்தின் தாகம் உண்மை. உப்புநீரை நம்பிப் பிழைக்கும் இறாலும் பறவையும் இருளரும் மீனவரும் அதே அளவு உண்மை. இரண்டையும் எடை போட வேண்டியவர்களுள் அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளும் சில ஆண்டுகளில் சேர்ந்துவிடுவார்கள். அந்த இடத்தை அவர்கள் பேருந்துச் சன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கிறார்கள்.

எங்கள் தமிழாசிரிய நண்பர் முப்பது பிள்ளைகளையும் ஓர் உப்பளத் தொழிலாளியையும் கொண்டு ஒரு காலைநேர நடைக்குத் திட்டம் எழுதிப் பள்ளியில் கொடுத்தார். உள்ளூர் என்பதால் இதைச் சுற்றுலா என்ற தலைப்பில் சேர்க்க இயலாது என்று பதில் வந்ததாம். வேறு தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறார்.