மன்றம் யாருடைய முதுசொம்?

ஒரு பொதுத் தாபனத்தின் தலைவர் எத்தகையவர் என்பதை அவர் தலைமையில் இருக்கும் வரை எவரும் முற்றாக அறிந்துவிட முடியாது. மேடையில் அவருக்கு மாலை விழுவதும், சிறப்பு மலர்களில் அவர் படம் வருவதும் அதற்குச் சான்றாகமாட்டா. அவர் மறைந்த பின்னர் அத்தாபனத்தின் கதவு திறந்திருக்கின்றதா, விளக்கு எரிகின்றதா, கணக்குப் புத்தகம் ஒழுங்காக எழுதப்படுகின்றதா என்பனவே அவரைப் பற்றிய மெய்யான சாட்சியங்கள். யாழ்ப்பாணத்துத் திருமறைக் கலாமன்றம் இன்று அந்தச் சோதனையில் நிற்கின்றது. அதனுடன் நாமும் நிற்கின்றோம் என்பதை எம்மவர் பலர் இன்னும் உணரவில்லை.

இம்மன்றத்தை நீ. மரிய சேவியர் அடிகள் 1965ஆம் ஆண்டில் நிறுவினார். 2021இல் அவர் மறையும் வரை, 56 ஆண்டுகள், மன்றம் என்றதும் மக்கள் மனத்தில் எழுந்தது அவருடைய முகமே. அவர் தொடங்கிய காலத்தை நினைத்துப் பார்த்தல் வேண்டும். 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் கத்தோலிக்கரின் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறியிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் குருமார் மக்களோடு கலந்து பணியாற்றிய களம் சுருங்கிவிட்டது. அதே வேளையில் உரோமாபுரியில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாட்டிலே தாய்மொழிக்கு இடம் அளித்தது. இலத்தீனிற் கேட்ட பூசையை எமது மக்கள் தமிழிற் கேட்கத் தொடங்கினர். 1965 டிசெம்பர் 8ஆம் நாள் அச்சங்கம் நிறைவுற்றபோது, பாப்பரசர் ஆறாம் சின்னப்பரின் பெயரால் கலைஞர்களுக்கென்றே ஒரு செய்தி வெளியிடப்பட்டது. திருச்சபைக்கும் கலைஞருக்கும் இருந்த பழைய உறவு அறுந்துவிடலாகாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் ஓர் இளங்குருவானவர் அந்த உறவுக்குத் தமிழில் ஒரு வீடு கட்ட முனைந்தார்.

ஆனால் வெறும் நிலத்தில் அவர் வீடு கட்டவில்லை. கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களில் கூத்து அவருக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. எஸ்தாக்கியார், மூவிராசாக்கள், ஞானசௌந்தரி ஆகியோரின் கதைகளை விடிய விடிய ஆடிய மக்கள் அவர்கள். மன்னாரில் யாழ்ப்பாணப் பாங்கு, மாதோட்டப் பாங்கு எனக் கூத்துக்கு இரு மரபுகள் உண்டு. வாசாப்பு என்ற தனி வகையும் உண்டு. 1960களில் இக்கூத்துக்களிற் சிலவற்றை ஏடுகளிலிருந்து தேடிப் பதிப்பித்தவர் கத்தோலிக்கர் அல்லர், பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள். கத்தோலிக்கர் ஆடியது தமிழரின் கூத்து என்பதில் அப்பேராசிரியருக்கு ஐயம் இருக்கவில்லை. எமக்கு மட்டும் ஏன் இருத்தல் வேண்டும்?

கூத்தைக் காத்தல் என்பது புத்தகத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டுவது போன்றதன்று. ஏட்டில் இருப்பது சொல் மாத்திரமே. மெட்டு அண்ணாவியாரின் தொண்டையிலும், தாளக்கட்டு மத்தளக்காரரின் விரலிலும், ஆட்டம் ஆடுவோரின் காலிலும் இருக்கின்றன. ஓர் அண்ணாவியார் மாதக்கணக்கில் மாலை தோறும் இளைஞரைக் கூட்டி வைத்துப் பழக்கினாலன்றிக் கூத்து அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேராது. பழகும் இடத்துக்கு விளக்கு வேண்டும். பழக வருவோருக்குத் தேநீர் வேண்டும். உடுப்புக்கும் மேடைக்கும் பணம் வேண்டும். இவற்றை யார் கொடுப்பது? அரசர் இல்லை, ஆதீனம் இல்லை. சீட்டு விற்ற காசு மேடைக் கூலிக்கே போதாது. இந்த இடத்திலேதான் ஒரு மன்றம் தேவைப்படுகின்றது. அந்த மன்றத்துக்குப் பொறுமையுள்ள தலைவர்கள் தேவைப்படுகின்றனர்.

அடிகளாரின் பொறுமை எத்தகையது என்பதை 1990ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு ஜூனில் மீண்டும் போர் மூண்டது. குடாநாட்டில் மின்சாரம் அற்றது. மண்ணெண்ணெய் முதல் தாள் வரை எல்லாம் தட்டுப்பாடாயின. பத்திரிகைகள் அப்பியாசக் கொப்பியின் கோடிட்ட தாளில் அச்சான காலம் அது. அந்த 1990ஆம் ஆண்டே மன்றத்தின் 'கலைமுகம்' என்ற சஞ்சிகை பிறந்த ஆண்டும் ஆகும். நாடகத்துக்கென்றே 'ஆற்றுகை' என்ற இதழும் பின்னர் வந்தது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது மன்றத்தாரும் மூட்டையோடு வீதிக்கு வந்தவர்களே. எனினும் அவர்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. பாடுகளின் நாடகத்தோடு நின்றுவிடவும் இல்லை. 'அசோகா' போன்ற சொற்களற்ற நாடகங்களை ஆக்கினர். தமிழ் அறியாதவரும் அமர்ந்து பார்க்கத்தக்க மேடை அது. போருக்குப் பின் மனம் மாறிய பேரரசன் ஒருவனின் கதையை, போரின் நடுவே வாழ்ந்த கலைஞர் பேசாமலே சொன்னார்கள் என்றால், அதன் பொருளை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனி எமது கேள்விக்கு வருவோம். இம்மன்றம் யாருடையது?

1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் வடித்த தேசவழமை எமது சொத்துக்களை வகுத்து வைத்திருக்கின்றது. முன்னோர் வழி வந்தது முதுசொம். மணவாழ்வில் ஈட்டியது தேடிய தேட்டம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம். கமக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் இந்த வேறுபாடு தெரியும். குருவானவருக்கு மணவாழ்வு இல்லை. ஆகவே தேடிய தேட்டமும் இல்லை. அவர் 56 ஆண்டுகள் தேடிச் சேர்த்தது அவருடைய உறவினருக்கும் உரியதன்று. அவரோடு உழைத்தவர்களுக்குத் தனியுடைமையும் அன்று. அது நேரே எமது முதுசொக் கணக்கில் வந்து விழுந்திருக்கின்றது. முதுசொத்தை உரிமை என்று அனுபவிப்போர் பலர். அதைப் பேணுவது கடமை என்று நினைப்போர் சிலர். அந்தச் சிலரின் தொகையைக் கூட்டுவதே இன்றைய தேவை.

இங்கே இரண்டு ஆட்சேபங்கள் எழும். அவற்றை நாம் மறைக்க விரும்பவில்லை.

முதலாவது, "அது கத்தோலிக்கருடைய மன்றம், குருவானவர் தலைமையில் கலை பிரசங்கத்துக்கு ஏவல் செய்யும், சைவர் அதற்கு ஏன் கொடுத்தல் வேண்டும்?" என்பது. இந்த அச்சத்தில் நியாயம் அறவே இல்லை என நாம் கூறோம். சமயத் தாபனம் எதுவாயினும் அதன் நிழலில் வளரும் கலை, அத்தாபனத்தின் தேவைக்கேற்ப வளைந்துபோகும் ஆபத்து உண்டு. கோயில் மண்டபத்தில் வளர்ந்த கலைக்கும் இது பொருந்தும். ஆனால் ஒரு தலைவரை அச்சத்தால் அளக்கலாகாது. செயலால் அளத்தல் வேண்டும். அடிகளார் தமது சமயத்தை மறைத்தவர் அல்லர். பாடுகளின் நாடகம் அவருக்கு வழிபாடாகவே இருந்தது. ஆயினும் புத்தசமயத்தைத் தழுவிய அசோகனுக்கும் மன்றத்தின் மேடையில் இடம் இருந்தது. கலைமுகத்தில் எழுதியவர்களைச் சமயம் கேட்டு எவரும் வரிசைப்படுத்தவில்லை. தமது வீட்டில் விளக்கேற்றியவர் வீதிக்கும் ஒளி விழும்படி சாளரத்தைத் திறந்து வைத்தார். அச்சாளரத்தைத் திறந்தபடியே வைத்திருப்பது அவருக்குப் பின் வந்தோரின் முதற் கடமை.

இரண்டாவது ஆட்சேபம் இதனினும் கடுமையானது. "தனிமனிதரின் தவத்தால் நின்றது தனிமனிதரோடு போய்விடும்" என்பர். இது எமது சமூகத்தின் பழைய நோய். நிறுவியவர் கண்மூடியதும் ஒரே சங்கத்துக்கு இரண்டு செயலாளர், இரண்டு கூட்டறிக்கைப் புத்தகம், இரண்டு முத்திரை என்று நீதிமன்றப் படியேறும் வழக்குகளை எமது தொழிலில் நாம் கண்டிருக்கின்றோம். அவ்வழக்குகளில் வென்றவரும் தோற்றவரும் வீடு திரும்பும்போது சங்கம் மாத்திரம் திரும்புவதில்லை. இந்நோய்க்கு மருந்து ஒன்றே: தலைவர் உயிரோடிருக்கும்போதே தலைமையைப் பகிர்ந்தளித்தல். இவ்வகையில் அடிகளார் தமது வாழ்நாளிலேயே பிறரை வளர்த்தார் என்பது எமக்கு ஆறுதல் தருகின்றது. நாடகத் துறையில் யோ. யோண்சன் ராஜ்குமார், கலைமுகத்தின் பொறுப்பில் கி. செல்மர் எமில் போன்றோர் அவர் காலத்திலேயே பாரஞ்சுமந்து பழகியவர்கள். குருப்பட்டம் பெறாத பொதுநிலையினரிடம் அவர் பொறுப்பை ஒப்படைத்தார் என்பதைக் கவனித்தல் வேண்டும்.

சட்டம் இத்தகைய தாபனங்களை எவ்வாறு நோக்குகின்றது? 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, வறியோருக்கு உதவுதல், சமயத்தை வளர்த்தல் என்பவற்றோடு கல்வியையும் அறிவையும் வளர்த்தலையும் அறநோக்கமாக ஏற்கின்றது. ஆனால் தொண்டர் சமூக சேவைத் தாபனங்களுக்கென 1980இல் இயற்றப்பட்ட 31ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோர், வறியோர், நோயாளர், அநாதைகள் ஆகியோருக்கான சேவையையும் அனர்த்த நிவாரணத்தையுமே முதன்மையாக எண்ணிற்று. கூத்தாடுவோரை அது நினைக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறிடுதல் அறம் என்பதைச் சட்டமும் அறியும், மக்களும் அறிவர். அழியும் மெட்டு ஒன்றைக் காப்பாற்றுதலும் அறமே என்பதை இன்னும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கின்றது.

எச்சட்டத்தின் கீழ் நிற்பினும், பொதுப் பணத்தில் நடக்கும் மன்றத்தின் தலைவர் அதன் சொந்தக்காரர் அல்லர், நம்பிக்கைப் பொறுப்பாளர். வயல்வெளியில் வட்டை விதானையார் குளத்து நீரைப் பங்கிடுகின்றார். எந்த வாய்க்கால் எந்நேரம் திறக்கும் என்பது அவர் சொல். ஆயினும் குளம் அவருடையதன்று. தம் வயலுக்கு முந்தித் திறந்தால் ஊர் கேட்கும். கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு. அதேபோல் குளக்கட்டு உடையும் நிலையில் மண்வெட்டியோடு வரவேண்டிய கடமையும் ஊருக்கே உண்டு. கேட்பதற்கு மாத்திரம் வந்து, கட்டுவதற்கு வராத ஊருக்குக் குளம் நிலைக்காது.

ஆகவே மன்றத்தின் இன்றைய தலைவர்களுக்கு நாம் மதிப்போடு கூறுவது இதுதான். ஆண்டு தோறும் கணக்கை அச்சிட்டு மக்கள் முன் வையுங்கள். குற்றம் சாட்டப்படுமுன் காட்டிய கணக்குக்கு மதிப்பு அதிகம். பதவிக்குக் காலம் வகுத்து, உங்களுக்குப் பின் வருவோரை இன்றே பக்கத்தில் இருத்துங்கள். எல்லாவற்றிலும் மேலாக, உங்களிடம் உள்ள கூத்துப் பிரதிகள், ஒலிப்பதிவுகள், படங்கள் ஆகியவற்றின் படிகளை ஓரிடத்தில் மாத்திரம் வைக்காதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் ஓரிரவில் எரிந்தன. ஒரே பெட்டகத்தில் வைத்த முதுசொத்துக்கு ஒரே தீக்குச்சி போதும் என்பதை நாம் கண்ணால் கண்ட இனம்.

எமது வாசகர்களுக்கும் ஒன்று கூறவேண்டும். மருத்துவரே, பொறியியலாளரே, ஆசிரியரே, என் தொழிற்றோழரே, உங்கள் வீட்டு மங்கல விழாவுக்கு மேளம் முதல் மின்விளக்கு வரை செலவிடும் தொகையில் ஒரு சிறு பகுதி ஓர் அண்ணாவியாரின் ஓராண்டுப் பயிற்சிக்கு உதவும். வெங்காயமும் புகையிலையும் விற்று வாழும் கமக்கார அன்பரே, உங்களிடம் நாம் பணம் கேட்கவில்லை. உங்கள் பிள்ளை மாலையில் கூத்துப் பழகப் போகின்றேன் என்றால் மறிக்காதீர்கள். வயலிலே காலூன்றி நடக்கும் பிள்ளைக்குத் தாளத்துக்கு மிதிக்கவும் வரும். கூத்து ஆடியவர்கள் பெரும்பாலும் கடலிலும் வயலிலும் உழைத்தவர்களே அன்றி, கதிரையில் இருந்தவர்கள் அல்லர்.

விதைநெல்லைத் தனியே கட்டி மேலே வைப்பது எமது வழக்கம். பஞ்சம் வந்த ஆண்டிலும் அம்மூட்டையை அவிழ்க்க எந்தக் கமக்காரனுக்கும் மனம் வராது. ஆயினும் காலத்துக்குக் காலம் விதைக்காமல் கட்டியே வைத்திருந்தால் அந்நெல் முளைக்கும் ஆற்றலை இழந்துவிடும். மரிய சேவியர் அடிகள் பஞ்ச காலத்திலும் மூட்டையை அவிழ்க்காது காத்தார். காத்ததோடு நில்லாமல் ஆண்டு தோறும் விதைத்தும் வந்தார். மூட்டை இப்பொழுது எமது கையில் இருக்கின்றது.