சேற்றில் இறங்கும் பழைய பிக்கப்: எது முதலில் உடைய வேண்டும்?

நடவுக்கு முன்னால் வயலில் சேறடிக்கும் டிராக்டரைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் இரும்புக் கூண்டு மாதிரி ஒரு சக்கரம் மாட்டியிருப்பார்கள். கேஜ் வீல் என்று பெயர். அது இல்லாமல் ஆழச் சேற்றில் இறங்கினால், எத்தனை குதிரைசக்தி இருந்தாலும் டிராக்டர் நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். சேற்றில் முதலில் வேலை செய்வது சக்கரம், அப்புறம்தான் இன்ஜின். நம் ஊர் டிராக்டர் டிரைவர்களுக்கு இது பால பாடம்.

இதே பாடத்தை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கைக்காசைச் செலவழித்துக் கற்றுக்கொள்கிறார்கள். அதுவும் பொழுதுபோக்குக்காக! ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, லூசியானா பக்கங்களில் பழைய பிக்கப் டிரக்கை வாங்கி, உயரத்தைக் கூட்டி, ராட்சத டயர் மாட்டி, வேண்டுமென்றே சேற்றுக் குழியில் இறக்குவார்கள். 'மட் பாகிங்' என்று பெயர். யார் அதிக தூரம் போகிறார் அல்லது யார் சீக்கிரம் கரையேறுகிறார் என்பதுதான் போட்டி.

பெரும் பணம் கொட்டிக் கட்டிய வண்டிகளும் அங்கே வரும். நாம் பார்க்கப்போவது அவற்றை அல்ல. வீட்டுக் கொல்லையில், சனி ஞாயிறுகளில், அப்பாவும் மகனுமாகக் கட்டுகிற சிக்கன வண்டியை. இவர்களில் பலர் சேற்றில் சிக்குவதற்கு முன்பே செலவில் சிக்கிக்கொள்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்த வாரக் கதை.

எந்த வண்டி?

பலர் தேடுவது 1973 முதல் 1987 வரை வந்த செவ்ரலே பிக்கப். பெட்டி மாதிரி இருப்பதால் 'ஸ்கொயர் பாடி' என்று செல்லப் பெயர். பெயரில் 'கே' என்ற எழுத்து இருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும். 'சி' என்றால் பின் சக்கரம் மட்டும். கனமான சேசிஸ், அதன்மேல் போல்ட் போட்டு நிறுத்திய பாடி, கையால் பிரித்து மாட்டக்கூடிய இன்ஜின், காயலான் கடையெல்லாம் கிடைக்கும் உதிரி பாகங்கள். ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

வாங்கும்போது பெயின்ட்டைப் பார்க்க வேண்டாம். எப்படியும் சேறு பூசப்போகிறோம். சேசிஸைப் பாருங்கள். குறிப்பாக, ஸ்டீயரிங் பாக்ஸ் பிடித்திருக்கும் இடம். இந்த வண்டிகளில் பெரிய டயர் போட்டால் அந்த இடத்தில் விரிசல் விடுவது பிரசித்தம். விரிசலுக்குத் தகடு வைத்துப் பற்றவைக்கலாம். சேசிஸே துருவில் உதிர்ந்தால், சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

டயர் போட்டதும் கணக்கு மாறும்

31 அங்குல டயர் இருந்த வண்டிக்கு 38 அங்குல டயர் மாட்டுகிறோம் என்று வையுங்கள். பார்க்க யானை மாதிரி நிற்கும். ஓட்டினால் மூச்சு வாங்கும். சக்கரம் பெரிதானதால் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போக வேண்டும், இழுவை குறைந்துவிடும். ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி 73-ல் போய்க்கொண்டிருக்கும்.

சரிசெய்ய ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் - பினியனை மாற்ற வேண்டும். பழைய விகிதம் 3.73 என்றால், 38-ஐ 31-ஆல் வகுத்துப் பெருக்குங்கள். ஏறக்குறைய 4.57 வரும். கடையில் 4.56 கிடைக்கும். ஆனால், நான்கு சக்கர வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இருந்தாக வேண்டும். ஆக, செலவு இரண்டு மடங்கு. டயர் விலையை மட்டும் கணக்குப் போட்டவர் விழிப்பது இங்கேதான்.

ஒரு சக்கரம் சுற்றும், மற்றது சும்மா நிற்கும்

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. வளைவில் திரும்பும்போது இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற அது வழிவிடும். சேற்றிலோ அதுவே வினை. எந்தச் சக்கரம் வழுக்குகிறதோ அதுதான் சுற்றும். பிடிப்புள்ள சக்கரம் வேடிக்கை பார்க்கும்.

தீர்வு, இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கர். காசில்லாதவர்கள் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்ன பல்சக்கரங்களை ஒன்றாக வெல்டிங் செய்துவிடுவார்கள். இதற்கு 'லிங்கன் லாக்கர்' என்று கிண்டல் பெயர். லிங்கன் என்பது ஒரு வெல்டிங் மெஷின் கம்பெனி! சேற்றில் ஜோராக இழுக்கும். தார் ரோட்டில் திரும்பினால் டயர் கிரீச்சிடும், ஆக்ஸில் முறுக்கிக்கொள்ளும். இப்படிச் செய்த வண்டியை டிரெய்லரில் ஏற்றித்தான் களத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

பிக்ஃபுட் சொன்ன பாடம்

நாலு சக்கரமும் பிடித்து இழுக்க ஆரம்பித்ததும், பளு அடுத்த பாகத்துக்குப் போகும். டயர் தாங்கினால் ஆக்ஸில் உடையும். ஆக்ஸிலை மாற்றினால் ஷாஃப்ட் முறுக்கும். ஷாஃப்ட்டை மாற்றினால் கியர்பாக்ஸ் அலறும்.

இதை உலகத்துக்கே காட்டியவர் பாப் சாண்ட்லர். மிசௌரி மாநிலத்துக்காரர். அவரிடம் இருந்தது 1974 மாடல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப். காடு மேடெல்லாம் ஓட்டி உடைத்துக்கொண்டே இருந்தார். உடைந்ததைவிடப் பலமான பாகத்தை மாட்டினார். அது தாங்கியதும் இன்னும் பெரிய டயர். மறுபடி உடைந்தது. கடைசியில் ராணுவ வண்டிகளின் ஆக்ஸில் வரை போனார். 1981-ல் அந்த வண்டியைப் பழைய கார்கள்மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். அதுதான் 'பிக்ஃபுட்', மான்ஸ்டர் டிரக்குகளின் தாத்தா. ஆக்ஸிலேட்டரை அவர் மிதிக்கிற மிதியைப் பார்த்து வந்த பெயர் அது.

சாண்ட்லர் சொந்தமாக ஃபோர் வீல் டிரைவ் கடை வைத்திருந்தார். உடைந்தால் விளம்பரம். நம் கொல்லைப்புற அப்பாவுக்கும் மகனுக்கும் உடைந்தால் அந்த மாத மளிகைக் காசு.

அதனால் அனுபவசாலிகள் வேறு மாதிரி யோசிப்பார்கள். எதுவும் உடையக் கூடாது என்று கட்ட முடியாது. எது முதலில் உடைய வேண்டும் என்று கட்டலாம். பின்னால் கனரக பிக்கப்பின் '14 போல்ட்' ஆக்ஸிலைக் காயலான் கடையில் தேடிப் போடுவார்கள். அதில் வண்டியின் எடையை ஹவுசிங்கே தாங்குவதால், உள்ளே ஷாஃப்ட் உடைந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஆக்ஸில் பலமானதும், அடுத்து உடைவது ஷாஃப்ட்டில் இருக்கும் யு-ஜாயின்ட்டாக இருக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். விலை குறைவு, களத்திலேயே மாற்றலாம். டூல்பாக்ஸில் இரண்டு ஸ்பேர் இருந்தால் போதும்.

தண்ணீர் இன்ஜினுக்குள் போகக் கூடாது

காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சினால் இன்ஜின் அங்கேயே காலி. தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதனால் காற்றுக் குழாயை மேலே தூக்கி வைப்பார்கள். ஆக்ஸில் மூச்சுவிடும் சின்ன குழாயையும் ரப்பர் டியூப் போட்டு உயர்த்துவார்கள். சில்லறைச் செலவு, பெரிய காப்பு. ரேடியேட்டரில் சேறு அப்பினால் இன்ஜின் கொதிக்கும் என்று, அதைப் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டியில் கொண்டுபோய் வைக்கிறவர்களும் உண்டு.

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்

ஒன்று, பிரேக். டயர் பெரிதாக ஆக, நிறுத்துவது கஷ்டம். டிரம்முக்குள் சேறு போனால் இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் கழுவிப் பார்த்தாக வேண்டும்.

இரண்டு, மாட்டிய வண்டியை இழுக்கும் கயிறு. டிரெய்லர் கோக்கும் இரும்புக் குண்டில் கயிற்றை மாட்டி இழுத்தால், அது உடைந்து பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. சேசிஸில் போல்ட் போட்ட முறையான கொக்கியில்தான் மாட்ட வேண்டும். கயிற்றின் நடுவே கனமான போர்வையைப் போட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், கயிற்றின் நீளத்தைவிடத் தள்ளி நிற்க வேண்டும். நம் ஊரில் சேற்றில் மாட்டிய லாரியையோ காரையோ இழுக்கும்போதும் இதே விதிதான்.

படித்துவிட்டு வீட்டில் நிற்கும் ஜீப்பைப் பார்க்காதீர்கள்! பதிவுச் சான்றிதழில் உள்ள கம்பெனி விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்ற நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடை போடுகிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு. வீட்டு மெயின் போர்டில் ஃபியூஸ் கம்பி இருக்கிறதே, அது போனால் போகட்டும், ஃபிரிட்ஜும் டி.வி-யும் பிழைக்கட்டும் என்றுதானே வைத்திருக்கிறோம்? அடிக்கடி போகிறதே என்று அங்கே தடிமனான கம்பியைக் கட்டுகிறவர் சாமர்த்தியசாலி அல்ல. கொல்லையில் நிற்கும் அந்தப் பழைய பிக்கப்பின் ஃபியூஸ், சில டாலர் யு-ஜாயின்ட். அது உடைந்த அன்றைக்கு அப்பாவும் மகனும் சேறும் சகதியுமாக அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்கள். அவ்வளவுதான் நஷ்டம்.