வீட்டுல போன் இருக்கு, சரி... யார் கையில இருக்கு?

இந்தியாவில் 85.5% வீடுகளில் குறைந்தது ஒரு ஸ்மார்ட்போனாவது இருக்கிறது. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை மத்திய புள்ளியியல் அமைச்சகம் நடத்திய தொலைத்தொடர்பு சர்வே சொல்லும் கணக்கு இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த எண் வீடுகளைத்தான் எண்ணுகிறது, ஆட்களை அல்ல. அஞ்சு பேர் இருக்கும் வீட்டில் மகனிடம் மட்டும் ஒரு போன் இருந்தாலும், அது 'போன் உள்ள வீடு'தான்.

ஒரே சர்வே, இரண்டு பதில்

2019-21ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல சர்வேயில் இரண்டு விதமாகக் கேட்டார்கள். வீட்டில் மொபைல் இருக்கா என்ற கேள்விக்கு 90 சதவீதத்துக்கும் மேலான வீடுகள் 'இருக்கு' என்றன. 15 முதல் 49 வயதுப் பெண்களிடம், 'நீங்களே பயன்படுத்துற மொபைல் இருக்கா?' என்று கேட்டபோது 'ஆம்' என்றவர்கள் சுமார் 54% மட்டுமே. தமிழ்நாட்டில் நிலைமை பரவாயில்லை, நான்கில் மூன்று பெண்கள். அப்போதும் நான்காவது பெண் வெளியேதான் நிற்கிறார்.

தலைக்கு எவ்வளவு?

செலவுக் கணக்கிலும் இதே கதைதான். 2023 ஆகஸ்ட் முதல் 2024 ஜூலை வரை நடந்த குடும்ப நுகர்வுச் செலவு சர்வேப்படி, மாதத்துக்கு ஒரு நபரின் சராசரிச் செலவு கிராமத்தில் 4,122 ரூபாய், நகரத்தில் 6,996 ரூபாய். இலவசமாகக் கிடைத்த பொருட்களின் மதிப்பு இதில் சேராது. இதை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? வீட்டின் மொத்தச் செலவை, கைக்குழந்தையையும் சேர்த்து, தலைகளின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். பைக் பெட்ரோலுக்கு எவ்வளவு, அம்மாவின் மருந்துக்கு எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. காகிதத்தில் எல்லாருக்கும் சம பங்கு. நிஜத்தில் அப்படி நடக்கிற வீடு எத்தனை?

ஆளை எண்ணினால் என்ன தெரியும்?

2024-ல் நடந்த நேரப் பயன்பாடு சர்வே வீட்டுக்குள் புகுந்து ஒவ்வொருவரின் நாளையும் கேட்டது. சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். அந்த வேலையைச் செய்தவர்களை மட்டும் வைத்து எடுத்த சராசரி இது. ஒரு தட்டைக்கூடக் கழுவாத ஆண்கள் இந்த 88-ல் வரவே இல்லை! 'வீடு' என்று மொத்தமாகக் கேட்டிருந்தால் இந்த இடைவெளி தெரிந்தே இருக்காது.

99.5% என்கிற மேஜிக்

அதே தொலைத்தொடர்பு சர்வேயில் இன்னொரு எண்: யுபிஐ மூலம் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள் 99.5%. நாட்டில் எல்லாருமே ஜிபே பண்றாங்களா? இல்லை. ஆன்லைன் வங்கிப் பரிவர்த்தனை செய்யத் தெரிந்தவர்களில் 99.5% பேர். அது தெரியாதவர்கள் இந்தக் கணக்கிலேயே இல்லை.

அதனால் என்ன?

இது வெறும் புள்ளிவிவர விளையாட்டு இல்லை. 'எல்லா வீட்டிலும்தான் போன் இருக்கே' என்ற நம்பிக்கையில்தான் கேஸ் புக்கிங், வங்கிக் கணக்கு, அரசு உதவி எல்லாமே ஓடிபிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. பாட்டியின் பென்ஷன் வந்த மெசேஜ் பேரன் போனுக்குப் போகிறது. அவன் வேலைக்குப் போயிருந்தால், பாட்டி அவன் திரும்பி வரும்வரை காத்திருக்கணும். பணம் அவருடையது, தகவல் அவருடையது இல்லை. எவ்வளவு வந்தது, எவ்வளவு எடுத்தார்கள் என்பதை இன்னொருவர் வாயால்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சர்வேக்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் தருகின்றன. வீட்டைப் பற்றிய பதிலை ஆளுக்குப் பொருத்துவதுதான் தப்பு. ஒரு சேவையை முழுசாக போனுக்கு மாற்றும் முன், வீட்டு எண்ணிக்கையை வைத்து அரசு முடிவெடுக்கக் கூடாது. தனி நபரிடம் போன் இருக்கிறதா என்று பார்க்கணும். இல்லாதவர்களுக்கு கவுன்ட்டர் வழியும் திறந்தே இருக்கணும்.

அடுத்த முறை ஒரு பெரிய சதவீதம் உங்கள் ஃபீடில் வந்தால், ஷேர் பண்ணும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது யாரில் இத்தனை சதவீதம்?