சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: பழைய விமானம் வாங்கும் கதை

அமெரிக்காவில் சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் கோடீஸ்வரர்கள் என்று நினைத்தால் அது தப்பு. பள்ளிக்கூட வாத்தியார், பிளம்பர், ரிடையரான தபால்காரர் என்று சாதாரண சம்பளக்காரர்களும் அங்கே சின்னதாக ஒரு விமானம் வைத்திருக்கிறார்கள். ஜெட் எல்லாம் இல்லை சார். மூக்கில் ஒரே ஒரு விசிறி, உள்ளே இரண்டு சீட் அல்லது நான்கு சீட், பழைய அம்பாசிடர் காரைவிட நெருக்கமான இடம். அவ்வளவுதான். ஒரு நல்ல புதுக் கார் வாங்கும் காசுக்கு இப்படி ஒன்று கிடைத்துவிடும்.

கிடைத்துவிடுகிறது என்பதில்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

கையில் அளவான காசோடு முதல் விமானம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறார்கள்: "இந்த விலை நமக்குக் கட்டுப்படியாகுமா?" அதைவிட முக்கியமான கேள்வி வேறு ஒன்று இருக்கிறது. "வாங்கிய பிறகு ஒருநாள் மெக்கானிக் வந்து, இது பறக்கக்கூடாது என்று சொன்னால், சரி என்று சொல்லி நிறுத்தி வைத்து ரிப்பேர் பார்க்க நம்மிடம் காசு இருக்குமா?" இதற்கு ஆமாம் என்று பதில் சொல்ல முடியாதவர், விமானம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தனியாக வாங்கக்கூடாது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

முதலில், விற்பனைக்கு வரும் விமானங்கள் ஏன் இவ்வளவு கிழடாக இருக்கின்றன? 1978-ஆம் வருடம் அமெரிக்கக் கம்பெனிகள் 17,811 சிறு விமானங்களை விற்றன. 1994-ல் அது 928 ஆகச் சுருங்கிவிட்டது. நடுவில் பொருளாதார மந்தம் வந்தது, வட்டி ஏறியது. போதாக்குறைக்கு நஷ்டஈடு வழக்குகள். முப்பது வருடத்துக்கு முன் செய்து விற்ற விமானம் விழுந்தாலும் கம்பெனி கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. செஸ்னா கம்பெனி 1986-ல் பிஸ்டன் எஞ்சின் விமானங்கள் செய்வதையே நிறுத்திவிட்டது. 1994-ல் ஒரு சட்டம் வந்து, 18 வருடம் தாண்டிய விமானத்துக்குப் பொதுவாகத் தயாரித்தவர் மேல் வழக்குப் போட முடியாது என்று ஆன பிறகுதான் மறுபடி தொழிற்சாலையைத் திறந்தார்கள். ஆனால் விலை எங்கேயோ போய்விட்டது. இன்று புது செஸ்னா 172 ஒன்றின் விலை நான்கு லட்சம் டாலருக்கும் மேல்.

ஆகவே சின்ன பட்ஜெட்காரருக்கு மிச்சம் இருப்பது அறுபதுகளிலும் எழுபதுகளிலும் செய்தவைதான். இரண்டு சீட் செஸ்னா 150 (1977 வரை செய்தார்கள், இருபத்து மூவாயிரத்துக்கு மேல் இருக்கும்), அதன் தம்பி 152, நான்கு சீட் செஸ்னா 172, பைப்பர் செரோக்கி. வாங்குகிறவரைவிட விமானத்துக்கு வயசு அதிகமாக இருப்பது அங்கே சர்வ சாதாரணம்.

வயசைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. விமானம் காரைப் போல இல்லை. தனியார் விமானமாக இருந்தாலும் 12 மாதத்துக்கு ஒருமுறை அதற்கென்று அங்கீகாரம் பெற்ற மெக்கானிக் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். எங்காவது ஒரு ரக விமானத்தில் ஆபத்தான குறை தெரிந்தால், எஃப்.ஏ.ஏ. என்ற அரசுத் துறை அந்த ரகம் முழுவதற்கும் உத்தரவு போடும். உதாரணத்துக்கு, செஸ்னாக்களில் பைலட்டின் சீட் தண்டவாளம் தேய்ந்துபோனால், மேலே ஏறும்போது சீட் சடாரென்று பின்னால் வழுக்கும். பயந்துபோய் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தால் முடிந்தது கதை. இதற்காக 1987-லேயே உத்தரவு போட்டு, தண்டவாளத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதிக்கச் சொன்னார்கள்.

இன்னொன்று. 2018 ஏப்ரலில் ஃபுளோரிடா மாநிலம் டேடோனா பீச்சில் பயிற்சிக்குப் போன ஒரு பைப்பர் விமானத்தின் இறக்கை வானத்திலேயே பிய்ந்து விழுந்தது. இருவர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில், போல்ட் துளைக்குப் பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத விரிசல். அந்த விமானம் ஒன்றும் அரதப்பழசு கூட இல்லை, ஆனால் பயிற்சியில் மாடாய் உழைத்தது. அதன் பிறகு 2021-ல், அதே குடும்பத்தைச் சேர்ந்த பல பைப்பர்களில் போல்ட்டைக் கழற்றி மின்சோதனை செய்ய வேண்டும் என்ற உத்தரவு அமலுக்கு வந்தது. செரோக்கி வாங்கப் போகிறவர் "இந்த உத்தரவு இதற்குப் பொருந்துமா, பொருந்தினால் சோதனை முடிந்ததா, எந்தத் தேதியில்?" என்று கேட்காமல் ஒரு டாலர் கூட அட்வான்ஸ் கொடுக்கக்கூடாது.

பதில் எங்கே இருக்கும்? லாக்புக்கில். விமானத்தின் உயிர் பாதி அதன் உடம்பில் என்றால் மீதிப் பாதி அந்த நோட்டுப் புத்தகங்களில். எந்த வருடம் என்ன செய்தார்கள், யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆனால் முதல்முறை வாங்குகிறவர் பார்ப்பது புது பெயிண்டையும், தோல் சீட்டையும், டிவி மாதிரி மின்னும் திரையையும். பெயிண்ட் அடிப்பது சுலபம், துருவை எடுப்பதுதான் கஷ்டம். வெளுத்துப்போன பெயிண்டும் ஒழுங்கான லாக்புக்கும் உள்ள விமானத்தை வாங்குகிறவர் நிம்மதியாகத் தூங்குவார். பளபளப்பை நம்பி வாங்குகிறவர் அடுத்த வருடச் சோதனையில் அழுவார்.

எஞ்சின் விஷயத்தில் இன்னும் பெரிய ஏமாற்று ஒன்று உண்டு, சட்டப்படியே. "ஓவர்ஹால் முடிந்து 200 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். 2,000 மணி நேரம் ஓடக்கூடிய எஞ்சின் ஆயிற்றே! லாக்புக்கைப் புரட்டினால் ஓவர்ஹால் நடந்தது 25 வருடத்துக்கு முன்னால். அதாவது வருடத்துக்கு 8 மணி நேரம். இந்த எஞ்சின் ஓடித் தேயவில்லை, உட்கார்ந்து துருப்பிடித்திருக்கிறது. முக்கியமாக லைகாமிங் எஞ்சின்களில் கேம் ஷாஃப்ட் மேல்பக்கம் இருக்கிறது. நாள்கணக்கில் ஓடாவிட்டால் அதன் மேல் உள்ள எண்ணெய்ப் படலம் வடிந்துபோய், ஈரம் ஏறி, துரு பிடிக்கும். அந்தக் கம்பெனியே 2,000 மணி நேரம் என்று சொல்லிவிட்டு, கூடவே 12 வருடம் என்றும் சொல்லியிருக்கிறது. சொந்த உபயோகத்துக்குப் பறக்கிறவரை இந்தக் கெடு சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனால் துருவுக்குச் சட்டம் தெரியாதே. வாரம் ஒருமுறை பறந்து 1,200 மணி நேரம் ஓடிய எஞ்சின், இந்த 'புது' எஞ்சினைவிட நம்பகமானதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விலையும் குறைவு.

இதையெல்லாம் சொந்தக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வாங்குவதற்கு முன் ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்க்க வேண்டும். அவர் விற்பவரின் மெக்கானிக்காக இருக்கக்கூடாது. அந்த விமானத்தில் இதுவரை கை வைக்காதவராக, அந்த ரகம் தெரிந்தவராக இருக்க வேண்டும். இப்படி ஒரு சோதனையைச் சட்டம் எங்கும் வரையறுக்கவில்லை என்பதால், என்னென்ன பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது நல்லது. விமானத்தின் மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்று ஓக்லஹோமா சிட்டியில் உள்ள பதிவேட்டில் தேடிப் பார்ப்பதும் அவசியம். பழைய ஓனரின் கடன் விமானத்தோடு சேர்ந்து பறந்து வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒருவர் 30,000 டாலர் கொடுத்து ஒரு செஸ்னா 150 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள்தான், ஊருக்கு ஊர் மாறும். திறந்தவெளியில் கட்டிவைக்க வருடத்துக்கு 1,200. இன்சூரன்ஸ் 1,300. வருடாந்திரச் சோதனையும் அதில் கண்டுபிடிக்கும் சில்லறை ரிப்பேர்களும் 2,500. மொத்தம் 5,000 டாலர். பறந்தாலும் பறக்காவிட்டாலும் இது போய்விடும். பறந்தால் மணிக்கு 6 காலன் பெட்ரோல், காலன் 6 டாலர் என்றால் 36 டாலர். எஞ்சின் ஓவர்ஹாலுக்கு ஒருநாள் 30,000 வேண்டும், 1,800 மணி நேரத்துக்கு ஒருமுறை. மணிக்கு 17 டாலர் அதற்காக எடுத்துவைக்க வேண்டும்.

வருடத்துக்கு 50 மணி நேரம் பறந்தால் மணிக்கு 100 + 36 + 17 = 153 டாலர். கிட்டத்தட்ட அந்தக் காசுக்கு வாடகை விமானமே கிடைக்கும் ஊர்கள் உண்டு! 100 மணி நேரம் பறந்தால் 50 + 36 + 17 = 103 டாலர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். ஆறு வருடத்தில் விமானத்தின் விலையை அதன் பராமரிப்பே தின்றுவிடுகிறது.

சரி, கணக்கு இடித்தால் என்ன ஆகிவிடும், காசுதானே போகும் என்று கேட்கலாம். காசோடு போனால் பரவாயில்லை. கையில் இருந்த மொத்தச் சேமிப்பையும் விலையாகக் கொட்டியவரின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இரண்டாவது வருடச் சோதனையில் மெக்கானிக் சொல்கிறார்: "ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாக இருக்கிறது, மாற்ற வேண்டும்." காசு இல்லை. அப்போது மனசு என்னென்ன சமாதானம் சொல்லும்? இன்னும் ஐம்பது மணி நேரம் தாங்கும். வேறு மெக்கானிக்கிடம் போனால் கையெழுத்துப் போட்டுவிடுவார். பக்கத்து ஊருக்குத்தானே போகிறோம். இப்படிப் பேசுகிறவர் கெட்டவர் இல்லை, முட்டாளும் இல்லை. மறுக்க வழியில்லாத இடத்தில் தன்னைத்தானே கொண்டுபோய் நிறுத்திக்கொண்டவர். பக்கத்து சீட்டில் உட்காரப் போகும் மனைவிக்கோ மகனுக்கோ இந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

"அப்படியானால் பணக்காரர்தான் பறக்க வேண்டுமா?" என்று கோபம் வரலாம். நியாயமான கோபம்தான். பதில், இல்லை. வழி இருக்கிறது, கொஞ்சம் ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வழி, கூட்டு. மேலே சொன்ன அதே விமானத்தை இருவர் சேர்ந்து வாங்கினால் ஆளுக்கு 15,000. வருடச் செலவு ஆளுக்கு 2,500. ஒவ்வொருவரும் 50 மணி நேரம் பறந்தாலே மணிக்கு 103 டாலருக்கு வந்துவிடும். விமானமும் வருடத்துக்கு 100 மணி நேரம் ஓடும், எஞ்சின் துருப்பிடிக்காது. மூவர் என்றால் இன்னும் மலிவு. "என் விமானம்" என்று சொல்லிக்கொள்ளும் பெருமை கொஞ்சம் குறையும், சனிக்கிழமை காலை யாருக்கு என்ற தகராறு வரும். அதற்காகத்தான் எல்லாவற்றையும் முதலிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்: ரிப்பேர் என்றால் யார் எவ்வளவு, ஒருவர் விலகினால் பங்கு என்ன விலை, மெக்கானிக் வேண்டாம் என்றால் யாரும் பறக்கக்கூடாது. நண்பர்கள் என்பதற்காக எழுதாமல் விட்டால் விமானமும் போகும், நட்பும் போகும்.

இரண்டாவது, கை வேலை. ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்ற சில வேலைகளைப் பைலட் உரிமம் உள்ள ஓனரே செய்து லாக்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடச் சட்டம் அனுமதிக்கிறது. வருடாந்திரச் சோதனையில் மூடிகளைக் கழற்றிக் கொடுத்துக் கூடவே நிற்க விடும் மெக்கானிக்குகளும் உண்டு. கூலி குறையும். அதைவிட, தன் விமானத்தின் குடல் எப்படி இருக்கிறது என்று ஓனருக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தேவைக்கு வாங்குவது. நான்கு சீட், உள்ளே மடங்கும் சக்கரம், வேகம் என்று ஆசை போகும். மடங்கும் சக்கரம் வந்தாலே இன்சூரன்ஸும் சோதனைச் செலவும் ஏறும். பெரும்பாலும் தனியாகவோ ஒருவரோடோ ஞாயிற்றுக்கிழமை பறப்பவருக்கு இரண்டு சீட் தாராளம். 2020 ஜனவரி முதல் பெரிய விமான நிலையங்களைச் சுற்றியுள்ள வான்பகுதியில், தான் இருக்கும் இடத்தைத் தானே அறிவிக்கும் கருவி கட்டாயம். அது ஏற்கெனவே பொருத்தியிருக்கிறதா என்று பார்த்தால் இன்னும் சில ஆயிரம் மிச்சம்.

கடைசியாக, விலைக்கு ஒதுக்கிய காசில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைத்துவிட வேண்டும். 45,000 இருந்தால் 30,000-க்கு மேல் விமானம் பார்க்கவே கூடாது. மிச்சம் 15,000 பேங்கில் சும்மா தூங்குவதைப் பார்த்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். "அதையும் போட்டால் 172 வாங்கலாமே" என்று தரகரும் சொல்வார். ஆனால் ஒருநாள் காலையில், வானம் பளிச்சென்று இருக்கும்போது, குடும்பம் கிளம்பித் தயாராக நிற்கும்போது, எஞ்சின் சத்தம் கொஞ்சம் சரியில்லை என்று தோன்றும். அன்றைக்குச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் தைரியத்தை அந்த 15,000 டாலர்தான் கொடுக்கும்.