வாரந்தோறும் கூடுவோம்

தொண்டு செய்வதற்கு வாரந்தோறும் கூட வேண்டுமா என வினவுவோர் நம்மிடையே உளர். 1905இல் போல் ஹரிஸ் சிக்காகோ நகரிலே தொடங்கிய றோட்டரிக் கழகம், உறுப்பினர்தம் பணிமனைகளில் முறைவைத்துச் சுழன்று கூடியமையாலேயே அப்பெயர் பெற்றது. வாரக் கூட்டமே அதன் உயிர்நாடியாயிருந்தது. 2016இல் அவ்விதி தளர்ந்து, மாதம் இருமுறை கூடினும் போதும் என்றாயிற்று. பெருநகரங்களுக்கு அஃது ஏற்புடையதாகலாம்; கல்முனைக் கரைக்கு ஏலாது என்பதே எம் கருத்து.

இங்கே தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசி அடுத்தடுத்து வாழ்கின்றோம். எனினும் பெரும்பாலும் பாடசாலை வேறு, சங்கம் வேறு. 2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையோ மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என வேற்றுமை பார்க்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல் மாண்டனர். அத்தகைய நாளில், எவ்வீட்டில் முதியவர் உளர், எவரிடம் வண்டி உண்டு என முன்னரே அறிந்தோரே விரைந்து உதவ வல்லார். அவ்வறிவு ஆண்டுவிழாவிற் பிறவாது. வாரந்தோறும் ஒரே மேசையில் அமர்வதாற் பிறக்கும்.

ஆயினும், தேநீரோடும் நன்றியுரையோடும் கூட்டம் முடிந்துவிடுதல் தகாது. குருதிக்கொடையோ, கடற்கரைச் சிரமதானமோ, ஏழை மாணவர்க்கு மாலை வகுப்போ, அடுத்த வாரப் பணி ஒன்றைக் குறித்த பின்னரே கலைதல் வேண்டும். பழைய மாணவர்காள், வாரத்தில் ஒரு மணி நேரம் தருக!