சர்வர் புதுசு, சரக்குக் கணக்கு பழசு

ஃபைல் சர்வரை மாத்தின மறுநாள்லேர்ந்து ஸ்டாக் உதைக்குதுன்னா முதல்ல திட்டு வாங்குறது யாரு? பில் போடற பொண்ணு. "நீ சேவ் பண்ணியிருக்க மாட்டே"ம்பாங்க. சில கடைகள்ல குறையுற சரக்குக்குச் சம்பளத்துலயே கை வெச்சிடுவாங்க. அடுத்த திட்டு பழைய ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராமுக்கு. ரெண்டு பேரையும் திட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நில்லுங்கங்கறதுதான் என் கட்சி.

விஷயம் இதுதான். விண்டோஸ் சர்வர் 2003-க்குத் தெரிஞ்சது எஸ்எம்பி 1 மட்டும். விஸ்டா, சர்வர் 2008-லேர்ந்து எஸ்எம்பி 2 வந்தாச்சு. ரெண்டு பக்கமும் புதுசுன்னா அதுலதான் பேசிக்கும். நெட்வொர்க் வேகமா இருக்கணுமேன்னு அதுல ஒரு ஏற்பாடு. சர்வர்ல இருக்கற ஃபைலோட அளவு, தேதி மாதிரி விவரங்களை ஒவ்வொரு பிசியும் 10 விநாடி தன்கிட்டயே வெச்சுக்கும். ஃபோல்டர் பட்டியலும் 10 விநாடி. 'அந்த ஃபைல் இல்லை'ங்கற பதில் 5 விநாடி.

வேர்ட் ஃபைலுக்கு இது வரம். பத்து பேர் ஒரே நேரத்துல எழுதற டிபிஎஃப் ஃபைலுக்கு? முதல் கவுண்டர்ல ஒரு ரெக்கார்டு சேர்ந்து ஃபைல் வளர்ந்திருக்கும். ரெண்டாவது கவுண்டர் பழைய அளவையே நம்பிக்கிட்டு இருக்கும். கடைசி மூட்டையை ரெண்டு பேருக்கு வித்தாச்சு! சர்வீஸ் ஆள் வந்து நிதானமாப் பார்க்கும்போது எல்லாம் சரியாவே இருக்கும் :-)

சோதிக்கறது சுலபம். ரெண்டு பிசியைப் பக்கத்துல வெச்சு, ஒண்ணுல என்ட்ரி போட்டு உடனே மத்ததுல பாருங்க. கொஞ்ச விநாடி கழிச்சு தானா வந்தா இந்த கேஷ் மேலதான் சந்தேகம். வரவே இல்லைன்னா புரோகிராமையோ இன்டெக்ஸையோ பாருங்க.

கேஷ்தான்னா ரெஜிஸ்ட்ரியில லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் பாராமீட்டர்ஸ்ல ஃபைல் இன்ஃபோ கேஷ் லைஃப்டைம், டைரக்டரி கேஷ் லைஃப்டைம், ஃபைல் நாட் ஃபவுண்ட் கேஷ் லைஃப்டைம் மூணையும் 0 ஆக்கிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். இதை சர்வர்ல செஞ்சு பிரயோஜனம் இல்லை, ஒவ்வொரு பிசியிலயும் செய்யணும். ஒண்ணை விட்டாலும் அது பழைய பல்லவியையே பாடும்.

"பேசாம எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் பண்ணிடுங்க"ன்னு ஒரு கோஷ்டி சொல்லும். பல இடத்துல வேலையும் செய்யும், ஒத்துக்கறேன். ஆனா 2017 மே மாசம் வானாக்ரை உலகம் பூரா பரவினது அந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான். அதே வருஷம் வந்த விண்டோஸ் 10 1709-லேர்ந்து புதுசா இன்ஸ்டால் பண்ணினா அது தானா வராது. கதவு கிறீச்சுங்குதுன்னு கதவையே கழட்டி வைப்பீங்களா?

மூணையும் 0 ஆக்கறதும் பேண்டேஜ்தான். எல்லாத்துக்கும் சர்வரையே கேட்கறதால கொஞ்சம் மந்தமாகும். நிரந்தர வைத்தியம், டேட்டாவை போஸ்ட்கிரெஸ், மரியாடிபி மாதிரி ஒரு டேட்டாபேஸ் சர்வருக்கு மாத்தறதுதான். ரெண்டும் இலவசம். அங்க ஃபைலைத் தொடறது சர்வர் மட்டும்தான், பிசிக்கள் கேள்வி கேட்டு பதில் வாங்கிக்கும். விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோவுக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2015 ஜனவரியிலேயே முடிஞ்சு போச்சு. இன்னும் எத்தனை நாள் தள்ளிப்போடறது?

சர்வர் மாத்தித் தர்றவங்க கொட்டேஷன்லயே இந்த ரெண்டு பிசி சோதனையை ஒரு வரியாச் சேர்க்கணும். பணம் குடுக்கறவங்களும் அதைக் கேட்டு வாங்கணும். அது முடியறவரைக்கும் பில் போடற பொண்ணு சம்பளத்துல கை வைக்காதீங்க, புண்ணியமாப் போகும்.